பந்திச் சீட்டு

அந்தத் தெருவை அவர் காரில் சுற்றுவது அது மூன்றாவது தடவை. பரீட்சைக்கு வந்த எவனாவது இப்படி ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தால், "தம்பி, கார் ஓட்டக் கத்துக்கிட்டீங்களா, இல்ல ராட்டினமா?" என்று கேட்டு அங்கேயே இறக்கிவிட்டிருப்பார். தனக்கென்று வரும்போது மட்டும் சட்டம் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. பக்கத்து இருக்கையில் மனைவி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள்.

"ஏங்க," என்றாள் கடைசியில். "பெட்ரோல் தீர்ந்தா நிப்பாட்டுவீங்களா, இல்ல நான் இறங்கித் தள்ளணுமா?"

"நிறுத்த இடம் பாக்குறேன்."

"லாரியே நிக்கலாம், அவ்வளவு இடம் கெடக்கு."

கிடந்தது. மனுஷனுக்குத்தான் நிற்க மனம் இல்லை. சட்டைப்பையில் இரண்டு சீட்டுகள் மிச்சம் இருந்தன. இரண்டும் ஒரே வீட்டுக்கு உரியவை.

அவர் ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கிறவர். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் பெயிலய்யா. பத்துப் பேர் வந்தால் ஏழு பேரையாவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வைப்பார். அழுகைக்கு மசியமாட்டார், சிபாரிசுக்கு அசையமாட்டார். ஒருமுறை சபைப் போதகரே பரீட்சைக்கு வந்தார். சிவப்பு விளக்கில் அரை வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. பெயிலய்யா போதகரையும் பெயிலாக்கி, தாளை மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்து, "ஸ்தோத்திரம் ஐயா, அடுத்த மாசம் வாங்க," என்று அனுப்பிவைத்தார்.

அதே ஆள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வேறு ஆள். சபையில் அவர் மூப்பர், சபைக் காரியங்களைப் பார்க்கும் பெரியவர்களில் ஒருவர். வெளியில் புலி, உள்ளே எலி என்பது அவருக்கென்றே சொன்னது போல இருக்கும்.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் பந்தி. அதற்கு முந்தின வாரம் மூப்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வீடுகளாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். போய் உட்கார்ந்து, "இந்த வீட்டில் சமாதானமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். வீட்டார் "சமாதானம்" என்றால், கிண்ணம் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஞாயிறன்று அதை வாசல் தட்டில் போட்டுவிட்டுப் பந்திக்குப் போகலாம். சண்டை சச்சரவு என்றால் சீட்டு கிடையாது. முதலில் சமாதானமாகி, பிறகு வரவேண்டும். மற்ற சபைகள் எப்போதோ கைகழுவிவிட்ட இந்த வழக்கத்தை இந்தச் சபை மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிடித்துக்கொண்டிருந்ததே தவிர, யாருக்கும் சீட்டு மறுத்ததாக நினைவில்லை. பெயிலய்யா போகும் வீடுகளில் எல்லோரும் பாஸ். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள் அவர் முன்னால் ஒரே குரலில் "சமாதானம்" என்பார்கள். அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சீட்டைக் கொடுத்து, தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். கேட்டால், "நியாயந்தீர்க்க நாம யாரு?" என்பார். அவர் மட்டுமா, சபையே அப்படித்தான் சொல்லும். எவ்வளவு வசதியான வாக்கியம்! சொல்கிறவரைத் தாழ்மையுள்ளவராகக் காட்டும், இருக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் விடாது.

மிச்சமிருந்த இரண்டு சீட்டும் பிரிட்ஜ்காரர் வீட்டுக்கு. குளிர்பெட்டி பழுதுபார்க்கிற தொழில் என்பதால் அந்தப் பெயர். சபையில் பாட்டு நடத்துகிறவரும் அவர்தான். அவர் கணீரென்று எடுத்துக் கொடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து நின்று பாடுவார்கள். எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். பெயிலய்யாவின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் பகல் முழுக்கக் கூட உட்கார்ந்து, கூறுகெட்ட ஜோக்குகளாகச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தவர் அந்த மனுஷன். சிரித்துக்கொண்டே பெயிலய்யா அழுததைப் பார்த்த ஒரே ஆளும் பிரிட்ஜ்காரர்தான். அந்தச் சிநேகிதத்தைப் பெயிலய்யாவால் சுலபமாக உதற முடியாது. உதறவும் அவருக்கு ஆசையில்லை.

வியாழக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால் எல்லாம் எப்போதும் போலப் போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை பிரிட்ஜ்காரரின் மனைவி பரீட்சைக்கு வந்தாள். அது அவளுக்கு இரண்டாவது தடவை. நன்றாகத்தான் ஓட்டினாள். கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதை நூல் பிடித்தாற்போல் செய்தாள். கடைசியாகத் திடீர் நிறுத்தம். அதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

"கேட்டுக்கம்மா. நான் கையை ஓங்கி இந்த டேஷ்போர்டைத் தட்டுவேன். தட்டின உடனே, எதிர்ல குழந்தை ஓடி வந்த மாதிரி நெனச்சுக்கிட்டு சட்டுன்னு பிரேக் போடணும். சரியா?"

"சரிண்ணே."

ஆளில்லாத நேர்ச்சாலை. அவர் கையை ஓங்கினார். கை கீழே வருவதற்குள் அவள் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்கைகளை முகத்துக்கு முன்னால் கூட்டி, கதவோடு கதவாக ஒடுங்கிப்போனாள். வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

"இனிமே செய்யமாட்டேன், விட்டுருங்க," என்றாள் அவள், கைகளை இறக்காமலே. "விட்டுருங்க, தெரியாம செஞ்சிட்டேன்."

பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை இறக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, ஒன்றும் நடக்காதது போல முன்னால் பார்த்துக்கொண்டாள்.

அவர் எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளைப் பார்த்திருக்கிறார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தவர்கள் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்று கத்தியவர்கள் உண்டு. இனிமேல் செய்யமாட்டேன் என்று கெஞ்சியவர் ஒருவர்கூட இல்லை. முதல் பரீட்சையிலும் அவள் இதே இடத்தில்தான் இப்படிச் சுருண்டாள். அன்றைக்கு அவர் தாளில் 'பதற்றம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

இந்த முறையும் பெயில்தான். வேறு வழியில்லை, வண்டி நிற்கவில்லை. ஆனால் அன்று மதியம் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தவில்லை.

"இப்பத்தான் தெரியுமா உங்களுக்கு?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சபையில பாதிப் பொம்பளைங்களுக்குத் தெரியும். வெயில் காலத்துல அவ கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டு வர்றது குளிருக்கா? பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு ஆளாளுக்கு இருந்துட்டோம். நானும்தான்." பிறகு மடித்த துணியைத் தேவையில்லாமல் உதறி மறுபடி மடித்தாள். "மூப்பர் பொண்டாட்டி, நானே வாயைத் திறக்கலேன்னா மத்தவங்க எங்க திறக்குறது."

வெள்ளிக்கிழமை அவர் போதகரிடம் போனார். அதே போதகர்தான், அரை வண்டி கோட்டைத் தாண்டியவர். நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மூப்பரே, சீட்டு சுத்தமானவங்களுக்குத் தர்ற மெடல் இல்ல. பாவிகளுக்குத்தான் பந்தி. சுத்தமானவங்க மட்டும் வரலாம்னா நாளன்னைக்கு நீங்களும் நானும் பட்டினிதான்."

"சரிதான் ஐயா."

"அந்த ஆள் நெஞ்சுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியுமா? தெரியாது. ஜெபிப்போம். நான் தனியாக் கூப்பிட்டுப் பேசுறேன்."

"எப்ப ஐயா?"

"அவர் நடத்துற பாட்டு ஆராதனை முடியட்டும். நடுவுல ஆளை உடைச்சிறக் கூடாது பாருங்க."

போதகர் சொன்னதில் பாதி உண்மை. பொய்யாக இருந்திருந்தால் பெயிலய்யா அதை எளிதாகத் தள்ளிவிட்டிருப்பார். அந்த இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சீட்டைக் கொடுத்தால், தெரிந்தே கொடுத்ததாகும். கொடுக்காவிட்டால் பிரிட்ஜ்காரரின் கோபம் யார் மேல் இறங்கும்? தான் எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அவள் அங்கேயேதானே இருப்பாள்? தன் தீர்ப்புக்கு அவள் முதுகு கூலி கொடுக்க வேண்டுமா? இதை நினைத்ததும் உட்கார்ந்துகொண்டார்.

"தூங்குங்க," என்றாள் மனைவி இருட்டில். "நான் காலையில அவகிட்ட போன்ல பேசுறேன். முதல்ல அவளை வெளிய கூட்டிட்டு வரணும். உங்க சீட்டுக் கச்சேரியெல்லாம் அப்புறம்."

அப்படித்தான் பேசினாள். எங்கள் மாடி அறை காலியாக இருக்கிறது, வருவதும் வராததும் உன் இஷ்டம் என்றாள். அவள், "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை, மூன்று சுற்று சுற்றிய பிறகு, பெயிலய்யா ஒருவழியாக வண்டியை நிறுத்தினார். சக்கரம் நடைபாதை ஓரத்தில் இடித்தது. பரீட்சையில் அதற்கும் தாளில் ஒரு தப்புக் கோடு விழும். மனைவி பார்த்தும் பார்க்காதது போல இறங்கினாள்.

பிரிட்ஜ்காரர்தான் கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க மூப்பரே! என்ன, வண்டி எங்க வாசலை மூணு தடவை எட்டிப் பாத்துட்டுப் போச்சு? எங்க வீடும் பெயிலோன்னு நெனச்சுட்டேன்!"

அவரே சிரித்தார். பெயிலய்யாவும் சிரித்தார். பழக்கம், வாய் தானாகவே சிரித்துவிட்டது. கூடம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒரு மூலையில் பிரித்துப் போட்ட கம்ப்ரசர், பக்கத்தில் விரித்த செய்தித்தாளில் வரிசையாகத் திருகாணிகள். பிரிட்ஜ்காரரின் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். கைப்பை ஏற்கெனவே தோளில் இருந்தது. அது கணவன் கண்ணில் படாதபடி பெயிலய்யா குறுக்கே நகர்ந்து நின்றார்.

பெயிலய்யாவின் மனைவி முந்திக்கொண்டாள். "தம்பி, உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறேன். பந்தித் துணி பூரா சுருக்கம். ஒண்டியாளா இஸ்திரி போட்டா எனக்கு இடுப்பு போயிரும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் கையை வீசினார். "போ, போ. ஆண்டவர் வேலைக்கு நான் குறுக்க நிப்பனா? சீக்கிரம் வந்துரு."

இரண்டு பெண்களும் வெளியே போனார்கள். காரின் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை பெயிலய்யா திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இந்த வீட்டில் சமாதானமா?"

"சமாதானம்," என்று கையை நீட்டினார் பிரிட்ஜ்காரர்.

கை நீண்டபடியே இருந்தது. பெயிலய்யாவின் கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

"என்னண்ணே, தீர்ந்துபோச்சா?"

"இருக்கு. உனக்கு இல்ல."

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "யாரு என்ன சொன்னது? அவ ஏதாவது சொன்னாளா?"

"அவ ஒரு வார்த்தையும் சொல்லல. பரீட்சையில நான் கையை ஓங்கினேன், டேஷ்போர்டைத் தட்ட. அவ ஸ்டீயரிங்கை விட்டுட்டுத் தலையை மூடிக்கிட்டா. ரெண்டு தடவையும்." தன் கையை விரித்துப் பார்த்தார். "என் கையைப் பாத்து அவ ஏன்டா பயப்படணும்?"

பிரிட்ஜ்காரர் கையை மடக்கிக்கொண்டார். பேசியபோது குரல் பாட்டு எடுத்துக் கொடுக்கும் குரலாக இல்லை. "கோபம் வருதுண்ணே. அப்புறம் நானே அழுறேன். முழங்கால்ல நின்னு அழுறேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எல்லாரும் பாவிங்கதானே?"

"ஆமா."

"நீங்க?"

"நானும்தான்."

"அப்புறம் என்னைத் தீர்க்க நீங்க யாரு?" இப்போது குரல் ஏறியது. "ஆஸ்பத்திரியில உங்க கூட யாரு இருந்தது? இந்தச் சபையில எந்த மூப்பர் வந்தான்? ரோட்டுல உக்காந்து ஊரைப் பெயிலாக்குற பழக்கத்தை என் வீட்டுக்குள்ளயும் கொண்டு வர்றீங்களா?"

பெயிலய்யா எழுந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நீதான் இருந்த, நான் மறக்கல. நீ நல்லவனா கெட்டவனான்னு நான் சொல்லல. பரீட்சையிலயும் அதை நான் பாக்குறதில்ல. வண்டி நின்னுச்சா, நிக்கலையா, அவ்வளவுதான். உன் வண்டி நிக்கலடா. எதிர்ல ஆளு இருக்கு. இன்னும் ஓட்டுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

பிரிட்ஜ்காரர் கம்ப்ரசர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். திருகாணிகள் உருண்டன. பெயிலய்யாவுக்கு அந்தத் தோளைத் தொடவேண்டும் என்று இருந்தது. தொட்டால் கரைந்துவிடுவோம் என்றும் தெரிந்தது. "அவ இன்னைக்கு எங்க வீட்டுல இருப்பா. எப்ப வர்றதுன்னு அவளே சொல்லட்டும். நாளைக்குச் சாயங்காலம் நான் வர்றேன், உன்னைப் பாக்க. போதகரையும் இழுத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே காற்றில் நின்றபோது, இவ்வளவு நாள் சுமந்த எதையோ இறக்கிவைத்தது போல இருந்தது. கஷ்டம்தான், ஆனால் செய்துவிட்டோம். ஒரு நல்ல சிநேகிதனை இழந்திருக்கலாம், ஆனால் நியாயத்தைச் செய்துவிட்டோம். வண்டிக்குள் உட்காரும்போது அவருக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. பின்சீட்டில் அவள் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டீங்களாண்ணே?"

"இல்லம்மா. அவனுக்குக் குடுக்கல." சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பின்பக்கம் நீட்டினார். "இது உனக்கு."

அவள் வாங்கவில்லை. சீட்டைப் பார்த்து உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அதை உள்ள வைங்கண்ணே. அது என் கண்ணுலயே படக் கூடாது."

"ஏம்மா?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி அவர் அதை எடுத்து, சாப்பாட்டு மேசையில என் தட்டுக்கு முன்னாடி நிக்கவைப்பார். 'பாத்தியா, மூப்பரே வந்து இந்த வீட்டுல சமாதானம்னு சொல்லிட்டுப் போயிட்டார். இனி நீ யார்கிட்ட போய்ச் சொன்னாலும் யாரு நம்புவா?'ம்பார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது அங்கதான் நிக்கும். அதைப் பாத்துக்கிட்டேதான் நான் சாப்பிடணும்."

நீட்டிய கையை அவரால் மடக்கவும் முடியவில்லை. "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாதுன்னுதான் நான் இத்தனை வருஷமா..."

"தீர்க்காமலா இருந்தீங்க?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து தீர்த்துட்டுத்தான் போனீங்க. எனக்கு எதிராத்தான் தீர்த்தீங்க. இந்தக் கேள்வியை ஒருதடவையாவது என் முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கீங்களா?"

அவர் மனைவி முன்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்தார்.

"வண்டியை எடுங்கண்ணே," என்றாள் அவள். "அவர் வாசலுக்கு வந்துட்டார்."

அவர் எடுத்தார்.